பிறக்கும் முன்பே ஊழியத்துக்கு நேர்ந்துகொண்ட பிள்ளை நான்: என் படிப்பா, அம்மாவின் பொருத்தனையா?

கெடிலக்கரை (கடலூர் முதுநகர்) | திங்கள், இரவு 11:40

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பல மாதங்களாக இங்கே வாசித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இன்று எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

எனக்கு 27 வயது. என் பெற்றோருக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் குழந்தை இல்லை. இரண்டு முறை கரு கலைந்தது. மூன்றாம் முறை ஐந்தாம் மாதத்தில் டாக்டர் கைவிரித்துவிட்டார். அன்றிரவு ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா பொருத்தனை செய்துகொண்டார்: இந்தப் பிள்ளை பிழைத்தால் உமக்கே. அந்தப் பிள்ளை நான்தான். ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிக்க எழுந்தாலே, "நாளைக்குப் பிரசங்க பீடத்தில் நிற்கப்போகிறவன்" என்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் இரண்டாம் வகுப்பு. ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தேவனாம்பட்டினத்துப் பக்கமிருந்து சனங்கள் ஓடி வந்தார்கள். அப்பாவோடு வேலை செய்தவர் ஒருவர் அன்று போனவர் போனவர்தான். பிறகு கல்லூரியில் படிக்கும்போது பிச்சாவரம் போனோம். கடலோரச் சேற்றில் வளரும் சுரபுன்னைக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சுனாமியால் உயிர்ச்சேதம் குறைவு என்று பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் 2005-இல் எழுதியதை ஆசிரியர் படகிலேயே விளக்கினார். அதற்குக் காரணம் காடா, ஊர் மேட்டில் இருந்ததா, கரையிலிருந்து தள்ளி இருந்ததா என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்து எழுதியதையும் சொன்னார். எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கேள்வி மண்டைக்குள் புகுந்துவிட்டது. இன்னும் வெளியே போகவில்லை.

இப்போது பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் ஆய்வுப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. மூன்று வாரத்தில் சேரவேண்டும். அதே வாரம் வேதாகமக் கல்லூரியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பும் வந்திருக்கிறது. அந்த விண்ணப்பத்தை நிரப்பியவர் அம்மா. நான் கையெழுத்து மட்டும் போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நேற்று இரவு அம்மா சொன்னார்: "உன்னைக் கொடுத்தவருக்கே உன்னைக் கொடுக்காமல் போனால், நான் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?"

தேவசித்தம் என் அம்மாவின் வாய் வழியாக எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டதா? என் மனதில் கிடக்கும் இந்த ஆசை வெறும் சுயசித்தம்தானா? பெரியவர்கள் சொல்லுங்கள்.

ஜெபவீரன் (மஞ்சக்குப்பம்) | செவ்வாய், காலை 5:50

தம்பி, கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பிரசங்கி 5:4-ஐத் திறந்து பார். தேவனுக்குப் பொருத்தனை பண்ணிக்கொண்டால் அதைச் செலுத்தத் தாமதியாதே என்று எழுதியிருக்கிறது. அடுத்த வசனம், செய்யாமல் போவதைவிட நேர்ந்துகொள்ளாமல் இருப்பதே நலம் என்கிறது. உன் அம்மா கேட்டார், தேவன் கொடுத்தார். நீ மூச்சு விட்டுக்கொண்டிருப்பதே அதற்குப் பதில். பிள்ளையில்லாமல் அழுது பொருத்தனை பண்ணிய அன்னாள், பால் மறக்கப்பண்ணிய கையோடு மகன் சாமுவேலைச் சீலோவில் இருந்த ஆலயத்துக்குக் கொண்டுபோனாள். அவனுக்கு வேறு ஆசை இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை.

நானும் 31 வயதில் நன்றாக ஓடிய கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஊழியத்துக்கு வந்தவன். ஒரு வேளையும் அடுப்பு எரியாமல் இருந்ததில்லை. சுரபுன்னையைப் படிக்க நூறு பேர் வருவார்கள். அறுவடைக்கு ஆள் குறைவு என்றுதான் ஆண்டவர் சொன்னார்.

வெள்ளிக்கரை24 | செவ்வாய், காலை 9:15

மனமில்லாமல் செய்யும் ஊழியத்தால் யாருக்கு ஆசீர்வாதம்? சங்கீதம் 37:4 தெளிவாக இருக்கிறதே, "அவர் உன் இருதயத்தின் வேண்டுதல்களை உனக்கு அருள்செய்வார்" என்று. ஆசையை வைத்தவரே அவர். போய்ச் சேருங்கள் அண்ணா. அம்மா பிறகு புரிந்துகொள்வார்.

உப்பளம் அக்கா (புதுச்சேரி) | செவ்வாய், மதியம் 2:30

நான் கத்தோலிக்கப் பெண். நீங்கள் பொருத்தனை என்பதை நாங்கள் நேர்ச்சை என்போம். நீங்கள் தேவசித்தம் என்பது எங்களுக்கு இறைத்திருவுளம். வார்த்தை வேறு, வலி ஒன்றுதான். அதனால் எழுதுகிறேன்.

என்னையும் என் தாய் நேர்ந்துகொண்டார். தம்பிக்கு டைஃபாய்டு வந்து பிழைத்தபோது, மூத்தவளைக் கன்னியர் மடத்துக்குக் கொடுக்கிறேன் என்றார். பத்தொன்பது வயதில் மடத்தில் சேர்ந்தேன். பதினான்கு மாதங்கள் இருந்தேன். கெட்ட மாதங்கள் அல்ல. விடியற்கால ஜெபத்தின் அமைதிக்காக இன்றும் ஏங்குகிறேன். ஒருநாள் நவசந்நியாசிகளுக்கு, அதாவது பயிற்சியில் இருக்கும் புதியவர்களுக்கு, பொறுப்பாக இருந்த சகோதரி என்னைத் தோட்டத்துக்கு அழைத்து, "நீ ஏன் வந்தாய்?" என்று கேட்டார். "அம்மா நேர்ந்துகொண்டார்" என்றேன். "அது உன் அம்மாவின் பதில். உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்" என்றார். இரண்டு மாதம் காத்திருந்தார். என்னிடம் பதில் இல்லை. அவரே பேருந்துக்குப் பணம் கொடுத்து, ஆசீர்வதித்து அனுப்பினார். என் தாய் ஓராண்டு என்னோடு சரியாகப் பேசவில்லை. அதையும் சொல்லவேண்டும், தம்பி. இதற்கு விலை உண்டு.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். முதலில் அவர் ஸ்பெயின் நாட்டுப் போர்வீரர். 1521-இல் பாம்பலோனா சண்டையில் பீரங்கிக் குண்டு காலை உடைத்தது. படுக்கையில் கிடந்தவர் வீரர்களின் கதைப் புத்தகம் கேட்டார். வீட்டில் இருந்தவை ஆண்டவரின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். படுத்தபடியே இரண்டு விதமாகக் கனவு கண்டார். போர்க்களத்தில் பேர் வாங்கி ஒரு சீமாட்டியின் மனதைக் கவர்வது ஒன்று. புனிதர்களைப் போலப் புறப்பட்டுப் போவது இன்னொன்று. எண்ணும்போது இரண்டும் இனித்தன. எண்ணி முடித்த பிறகு முதலாவது வாயை உலர்த்தியது. இரண்டாவது இனிப்பை விட்டுச் சென்றது. அந்தப் பின்சுவையைக் கவனிப்பதைத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் கற்றுக்கொடுத்தார். மனம் வறண்டு கலங்கிக் கிடக்கும் வேளையில் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்றும் சொன்னார்.

உன் இரண்டு கனவையும் தனித்தனியே ஆண்டவர் முன் வைத்து உட்கார். இங்கே புதுச்சேரி ரயில் நிலையத்துக்கு எதிரே இருதய ஆண்டவர் பசிலிக்காவில் பிற்பகலில் கூட்டம் இருக்காது. எந்தச் சபைப் பிள்ளை என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். அரை மணி நேரம் போதும்.

பழைய துறைமுகம் (கடலூர்) | செவ்வாய், இரவு 8:05

நம் ஊர்க் கதை ஒன்று இந்த இழைக்குப் பொருந்தும். ஸ்வீடன் நாட்டுக்காரரான கீர்னாண்டர் 1740-இல் கடலூருக்கு மிஷனரியாக வந்தார். பதினெட்டு ஆண்டுகள் இங்கேதான். பள்ளி, சபை, வாழ்க்கை எல்லாம் இந்த மண்ணில். 1758-இல் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை வந்து கடலூரையும் செயின்ட் டேவிட் கோட்டையையும் பிடித்தது. அவர் எல்லாவற்றையும் விட்டுத் தரங்கம்பாடிக்குப் போய், அதே ஆண்டு கல்கத்தா போய்ச் சேர்ந்தார். அங்கே தன் பணத்தில் ஒரு பெரிய ஆலயம் கட்டினார். 1770-இல் அது பிரதிஷ்டை ஆனது.

பிரசங்கங்களில் இந்தக் கதை இங்கேயே நின்றுவிடும். "பார்த்தீர்களா, கடலூர்க் கதவு மூடியது, கல்கத்தாக் கதவு திறந்தது" என்று. ஆனால் 1787-இல் அவர் கடனில் முழுகினார். ஆலயமே ஏலத்துக்குப் போகும் நிலை வந்து, சார்லஸ் கிராண்ட் என்பவர் பத்தாயிரம் ரூபாய் கொடுத்து மீட்டார். மூடிய கதவு எது, திறந்த கதவு எது என்று 1758-இல் சொன்னவர் 1770-இல் வேறு சொல்லியிருப்பார், 1787-இல் இன்னொன்று சொல்லியிருப்பார். ஆகவே தம்பி, இரண்டு கடிதமும் ஒரே வாரத்தில் வந்ததை அடையாளமாகப் படிக்காதீர்கள். தபால் அப்படித்தான் வரும்.

கெடிலக்கரை | செவ்வாய், இரவு 11:10

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதை மூன்று முறை வாசித்தேன்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. பொருத்தனையை மீறினால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பெரியம்மா சொன்னார். அம்மாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை வியாதி. போன மாதம் கால்விரலில் புண் ஆறவில்லை. "பார், ஆரம்பமாகிவிட்டது" என்றார் பெரியம்மா. ஆய்வு செய்யப் படித்தவன் இதை நம்பலாமா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்கு அந்தப் புண்ணுக்கு மருந்து போடும்போது படிப்பு எதுவும் உதவிக்கு வருவதில்லை.

ஓய்வுபெற்ற ஆயர் (கடலூர்) | புதன், காலை 6:30

மகனே, முதலில் அந்தப் புண். அம்மாவைச் சர்க்கரை நோய் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, இந்த வாரமே. கால் புண்ணைத் தண்டனை என்று சொல்லி வீட்டில் வைத்திருப்பது பாவம். இந்த வார்த்தையை நான் எளிதில் பயன்படுத்துகிறவன் அல்லன்.

இனி வேதத்துக்கு வருவோம். சகோதரர் ஜெபவீரன் பிரசங்கியைக் காட்டினார். சரியான வசனம், சரியான எச்சரிக்கை. பொருத்தனை விளையாட்டு அல்ல. ஆனால் லேவியராகமம் 27-ஆம் அதிகாரத்தை நாம் யாரும் பிரசங்கிப்பதில்லை. நாற்பது ஆண்டுகளில் நானே ஒரு முறைதான் பிரசங்கித்தேன். அங்கே மனிதரைக் கர்த்தருக்கென்று நேர்ந்துகொண்டால் மதிப்பின்படி மீட்பதற்கு ஒழுங்கு இருக்கிறது. இருபது முதல் அறுபது வயதுக்குட்பட்ட ஆணுக்கு ஐம்பது வெள்ளிச் சேக்கல். அதைக் கொடுக்க இயலாத ஏழையானால், ஆசாரியன் அவனுடைய நிலைக்குத் தக்கபடி மதிப்பிடவேண்டும் என்று எட்டாம் வசனம் சொல்கிறது. பொருத்தனை செய்த வாய் சில வேளை பதற்றத்தில் பேசியிருக்கும் என்பது தேவனுக்குத் தெரிந்திருக்கிறது. பரங்கிப்பேட்டைக்குப் போக நீ ஐம்பது சேக்கல் கட்டு என்று நான் சொல்லவில்லை. தேவன் உன் அம்மாவின் கழுத்தில் கயிறு போட்டு இழுக்கிறவர் அல்லர் என்று காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்தது சாமுவேல். அன்னாள் அவனை ஆலயத்தில் விட்டது முதலாம் அதிகாரம். கர்த்தர் அவனை அழைத்தது மூன்றாம் அதிகாரம். இடையில் ஆண்டுகள் ஓடின. பிள்ளை கர்த்தருடைய ஆலயத்திலேயே படுத்திருக்கிறான், விளக்கு இன்னும் அணையவில்லை, ஆனாலும் "சாமுவேல் இன்னும் கர்த்தரை அறியாதிருந்தான்" என்று எழுதியிருக்கிறது. தாயின் பொருத்தனை அவனை ஆலயம்வரை கொண்டுவந்தது. அழைப்பு அவன் பெயரைச் சொல்லி, அவன் காதில், தனியாக வந்தது. ஆசாரியனான ஏலி கூட அதை அவனுக்குப் பதிலாகக் கேட்க முடியவில்லை. அவனைத் திரும்பிப் போய்ப் படுக்கச் சொல்ல மட்டுமே முடிந்தது. நம்மைப் போன்ற ஆயர்களுக்கு அதுதான் வேலை.

வெள்ளிக்கரை, உன்னோடும் ஒரு வார்த்தை. நீ பாதி வசனத்தைத்தான் எழுதினாய். அதற்கு முன் "கர்த்தரிடத்தில் மனமகிழ்ச்சியாயிரு" என்று இருக்கிறது. அவரில் மகிழ்கிறவனுடைய வேண்டுதல்கள் அப்படியே இருப்பதில்லை, மாறும். தாவீது ஆலயம் கட்ட ஆசைப்பட்டான். அதைவிடப் பரிசுத்தமான கனவு உண்டா? நாத்தான் தீர்க்கதரிசியே, "இருதயத்தில் உள்ளபடியெல்லாம் செய்யும்" என்று சொல்லிவிட்டான். அன்று இரவே கர்த்தர் அவனைத் திருப்பி அனுப்பி, கட்டப்போகிறவன் உன் குமாரன் என்று சொல்லச்சொன்னார். தீர்க்கதரிசியின் முதல் வார்த்தையே தவறிய இடம் அது. பிறகு சாலொமோன், தன் தகப்பனுக்குக் கர்த்தர் சொன்னதை 1 இராஜாக்கள் 8:18-இல் நினைவுகூருகிறான்: அந்த விருப்பம் உன் மனதிலே இருந்தது நல்ல காரியந்தான். ஆசை நல்லது. ஆனால் அவனுக்கு உரியது அல்ல. இரண்டும் சேர்ந்தே உண்மையாக இருக்கலாம். தாவீது மனம் கசந்து உட்காரவில்லை. பொன்னையும் வெள்ளியையும் கேதுரு மரங்களையும் மகனுக்காகச் சேர்த்து வைத்தான்.

ஆகவே, கெடிலக்கரை, உனக்கும் ஒரு கேள்வி. நாளை காலை கர்த்தர் உன் பெயரைச் சொல்லி, பரங்கிப்பேட்டை வேண்டாம் என்றால், கொடுத்துவிடுவாயா? உடனே பதில் எழுதாதே. உன் அம்மாவிடம் இதே கேள்வியை மறுபக்கமாகக் கேட்கவேண்டியிருக்கும். கர்த்தர் உங்கள் மகனைச் சேற்றுக்கும் உப்புத் தண்ணீருக்கும் அழைத்தால், கொடுத்துவிடுவீர்களா?

ஜெபவீரன் | புதன், காலை 7:20

ஐயா, லேவியராகமம் 27-ஐ நான் அப்படி வாசித்ததில்லை. இன்று காலை மறுபடி வாசித்தேன். எழுதியிருப்பது எழுதியிருக்கிறதுதான். கால் புண்ணைப் பற்றி நீங்கள் சொன்னதற்கும் ஆமென்.

ஆனாலும் ஒரு பாரம் என்னை விடவில்லை. மீட்டுக்கொள்ள வழி இருந்தும் அன்னாள் மீட்டுக்கொள்ளவில்லை. கொடுத்துவிட்டு, ஆண்டுதோறும் ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக் கொண்டுபோனாள். அந்தத் தாய்மாரின் காணிக்கையை நம் தலைமுறை ஏதோ அறியாமை என்று நினைத்துவிடக் கூடாது. தம்பி, எந்தப் பக்கம் போனாலும் உன் அம்மாவின் கண்ணீரை மலிவாக்கிவிடாதே.

முந்திரித்தோப்பு (பண்ருட்டி வட்டம்) | புதன், மாலை 6:45

அடையாளம் பார்ப்பதைப் பற்றி என் அனுபவம். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கரையைக் கடந்தது. என் தாத்தா வைத்த முந்திரி மரங்கள் நாற்பத்தெட்டில் ஆறு நின்றன. பலா ஒன்றுகூட மிஞ்சவில்லை. மரம் சாய்ந்தால் வேரோடு ஒரு வீடளவு மண்ணைப் பிடுங்கிக்கொண்டு நிற்கும். அந்தக் குழிக்குள் இறங்கி நின்று அழுதேன்.

மறுநாள் இரவு வருடக் கடைசி ஆராதனை. கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாக்குத்தத்த அட்டை, அதாவது புது வருடத்துக்கான வசனச் சீட்டு, எடுத்தேன். எரேமியா 29:11. "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்." அதைப் பிடித்துக்கொண்டு, இழந்ததெல்லாம் அடுத்த வருடமே இரட்டிப்பாகத் திரும்பும் என்று நம்பினேன். அப்போது என் கனவு தோப்பை விற்றுவிட்டுப் புதுச்சேரியில் கடை வைப்பது. விலை படியவில்லை. ஒரு வருடம் ஆண்டவரோடு பேசாமலே சபைக்குப் போய்வந்தேன்.

பிறகுதான் அட்டையை விட்டுவிட்டு அதிகாரத்தை வாசித்தேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. பதினோராம் வசனத்துக்கு முந்தைய வசனம், ஊர் திரும்ப எழுபது வருஷம் என்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்கள் பலர் திரும்பிப்போவதைப் பார்க்காமலே இறந்திருப்பார்கள். அதற்கும் முன்னால் ஐந்தாம் வசனம்: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள். வேலையே செய்யாத வாக்குத்தத்தம் அந்த அதிகாரத்தில் இல்லை. 2013-இல் ஒட்டுக்கன்று வாங்கி நட்டேன். நான்காம் வருடம் காய் பறித்தேன். கடை வைக்கும் ஆசை தேவசித்தத்துக்கு விரோதம் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அது நடக்கவில்லை, அவ்வளவுதான். புயலுக்கு நான் விளக்கம் சொல்லப் போவதில்லை. மரம் நட்டேன்.

வெள்ளைச்சேலை (செவிலியர், புதுச்சேரி) | புதன், இரவு 10:20

இரவு பணிக்கு நடுவே எழுதுகிறேன். திண்டிவனம் நமக்குக் கூப்பிடு தூரம். அங்கே நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் தாத்தா 1819-இல் அமெரிக்காவிலிருந்து மிஷனரியாகப் புறப்பட்டவர். அந்தத் தாத்தாவின் மகன்கள் ஏழு பேர் மிஷனரிகள் ஆனார்கள். அந்தக் குடும்பத்தில் பிறந்தாலே ஊழியம் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ஐடா, எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தவர், திரும்பிப்போகும் எண்ணத்தோடுதான் இருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க வரச்சொல்லிக் கெஞ்சினார்கள். நான் டாக்டர் அல்ல, என் அப்பாதான் டாக்டர் என்றார். ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று திரும்பிவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் அமெரிக்கா போய் 1899-இல் டாக்டர் பட்டம் வாங்கி, திரும்பி வந்து வேலூரில் ஆஸ்பத்திரி தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் தொடங்கினார்.

மூன்று தலைமுறையின் எதிர்பார்ப்பு அவரை அசைக்கவில்லை. வாசலில் வந்து நின்ற தேவை அசைத்தது. தம்பி, உங்கள் வாசலில் நிற்பது யார் என்று பாருங்கள். அம்மா நிற்கிறார். அலைக்கு முன்னால் குடியிருக்கும் ஊர்களும் நிற்கின்றன.

ஒரு தாய் (வில்லியனூர்ப் பக்கம்) | வியாழன், மதியம் 3:05

நான் இங்கே எழுதுகிறவள் இல்லை. என் மகள் தட்டச்சு செய்கிறாள்.

தம்பி, நானும் உன் அம்மாவைப் போல நேர்ந்துகொண்டவள். என் மகன் வேதாகமக் கல்லூரிக்குப் போனான். என் முகத்துக்காகப் போனான். நான்கு வருடம் ஊழியம் செய்தான். இப்போது வெளியூரில் வேறு வேலை. ஆலயத்துக்குள் கால் வைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் எடுக்கமாட்டான். திங்கட்கிழமைதான் பேசுவான். அவனுக்குத் தெரியும், ஞாயிறு எடுத்தால் சபைக்குப் போனாயா என்று கேட்பேன் என்று.

நான் அன்று செய்தது பொருத்தனை என்றுதான் இத்தனை நாள் சொன்னேன். பயத்தில் செய்தேன். பிள்ளையைக் காப்பாற்று, அவனையே தருகிறேன் என்றேன். கையில் வேறு எதுவும் இல்லாதவள் கையில் இருப்பதைத்தானே கொடுப்பாள்? ஆனால் அவன் என் கையில் இருந்த பொருள் இல்லை என்பது எனக்கு அன்று தெரியவில்லை.

உன் அம்மா பிடிவாதக்காரி என்று நினைக்காதே. நீ ஊழியத்துக்குப் போகாவிட்டால் தான் பொய் சொன்னவள் ஆகிவிடுவேன் என்று பயப்படுகிறாள். அவளிடம் வாதாடாதே. என்ன சொல்லி நேர்ந்துகொண்டீர்கள் அம்மா, அந்த இரவை எனக்குச் சொல்லுங்கள் என்று கேள். என் மகன் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

உப்பளம் அக்கா | வியாழன், மதியம் 3:40

அம்மா, உங்கள் மகனுக்காக இன்று மாலைத் திருப்பலியில் வேண்டிக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆயர் | வியாழன், மாலை 5:00

நானும் ஜெபிக்கிறேன், அம்மா. திங்கட்கிழமை அவன் பேசும்போது ஆலயத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

கெடிலக்கரை | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9:30

எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். அம்மாவை டாக்டரிடம் காட்டினோம். மருந்து மாற்றிக் கொடுத்தார். புண் மூடிக்கொண்டு வருகிறது.

ஆயர் ஐயாவின் கேள்விக்கு நான்கு நாள் என்னால் 'ஆம்' என்று சொல்ல முடியவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. படிப்பு என் கையை விட்டுப் போய்விடுமோ என்று இறுகப் பிடித்திருந்தேன். ஜெபத்தில்கூட ஆண்டவரிடம் என் தரப்பு நியாயங்களையே அடுக்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் பசிலிக்காவுக்குப் போனேன், அக்கா. வேதாகமக் கல்லூரியில் இருப்பது போல எண்ணிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பாராட்டுவதுதான் திரும்பத் திரும்ப வந்தது. ஞாயிறு பள்ளியில் கேட்ட அதே பாராட்டு. எழுந்து வெளியே வந்தபோது களைப்பாக இருந்தது. மறுபக்கத்தை எண்ணியபோது பாராட்ட யாரும் வரவில்லை. முழங்கால் அளவு சேறு, வெயில், அளவெடுக்கும் கயிறு. ஆனால் அங்கே ஜெபிக்க முடிந்தது. வேண்டாம் என்றால் கொடுத்துவிடுகிறேன் ஆண்டவரே என்று அப்போதுதான் சொல்ல வாய் வந்தது. வேண்டாம் என்று அவர் சொன்னதாக எனக்கு இதுவரை தோன்றவில்லை.

பிறகு அந்த வில்லியனூர் அம்மா சொன்னபடி கேட்டேன். அம்மா முதலில் பேசவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, பழைய வேதாகமத்தை எடுத்துவந்து பின் அட்டையின் உட்பக்கத்தைக் காட்டினார். பென்சிலில் ஒரு தேதி, கீழே 1 சாமுவேல் 1:28. வேறு ஒன்றும் இல்லை. "உயிரோடிருக்கும் சகல நாளும் கர்த்தருக்கே" என்கிற வசனம். "அன்று நான் பிரசங்க பீடத்தை நினைக்கவில்லை. ஊழியம் என்ற வார்த்தையும் வாயில் வரவில்லை. நீ துடிக்கிறாயா என்று வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, உமக்கே என்று மட்டும் சொன்னேன். சபையில் சாட்சி சொல்ல எழுந்தபோதுதான், ஊழியத்துக்கா என்று கேட்டார்கள். ஆம் என்றேன்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். இருபத்தேழு ஆண்டுகளில் அந்த இரவைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

இதனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சபைக்கு முன்னால் சொன்ன 'ஆம்' அம்மாவை இன்னும் உறுத்துகிறது. எங்கள் சபை ஆயரிடம் தானே போய்ப் பேசவேண்டும் என்கிறார். பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அப்பா எப்போதும் போலப் பேசவில்லை. ஆனால் முந்தாநாள், "முதல் மாத உதவித்தொகையை முதற்பலனாகப் படைத்துவிடு" என்று மட்டும் சொன்னார்.

நேற்று அம்மாவைப் பிச்சாவரத்துக்குக் கூட்டிப்போனேன். அவர் அங்கே போனதே இல்லை. துடுப்புப் படகில், வேர்கள் இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் வாய்க்காலுக்குள் போனபோது, "அதென்ன, முருங்கைக்காய் மாதிரி தொங்குகிறது?" என்று கேட்டார். சுரபுன்னையின் விதை மண்ணில் விழுந்து முளைப்பதில்லை, தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு அப்படி நீளும், பிறகுதான் கழன்று சேற்றில் விழும், சில சமயம் தண்ணீரில் மிதந்து வெகுதூரம் போய் ஊன்றும் என்று சொன்னேன். தண்ணீரில் மிதந்து வந்த ஒன்றைப் படகோட்டி எடுத்துக் கொடுத்தார். அம்மா அதைக் கரை சேரும்வரை மடியில் வைத்திருந்தார். இறங்கும்போது, "இது வீட்டில் வராதா?" என்றார். நம் வீட்டில் வராது அம்மா என்றேன். மறுபடி தண்ணீரில் விட்டுவிட்டார்.

போ என்று இன்னும் சொல்லவில்லை. புதன்கிழமை எத்தனை மணிக்குப் பஸ் என்று இன்று மாலை கேட்டார்.

ஜெபவீரன் | திங்கள், காலை 5:45

தம்பி, வாசித்தேன். உன் அம்மா ஆயரிடம் பேசப்போகும்போது வேண்டுமானால் என் மனைவியும் கூட வருவாள், அவளும் ஒரு பொருத்தனைக்காரிதான். வேதாகமக் கல்லூரிக்குப் பதில் எழுதிவிட்டாயா? அவர்கள் உனக்காக ஓர் இடம் வைத்திருப்பார்கள். வராததை முறைப்படி தெரிவித்துவிடு. வேறொரு பிள்ளை காத்திருக்கலாம்.

கெடிலக்கரை | திங்கள், காலை 6:10

சனிக்கிழமை எழுதிவிட்டேன், அண்ணன். இந்த முறை நானே எழுதினேன். உங்கள் வீட்டு அக்காவைக் கட்டாயம் வரச்சொல்லுங்கள். அம்மா வியாழக்கிழமை மாலை போவதாகச் சொல்லியிருக்கிறார்.